இருபத்தேழிலேயே நின்ற எண்

அக்கா,

இன்று காலை மடிக்கணினியில் செருகியிருக்கும் வை-ஃபை குச்சியை உருவி, பழைய பல் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். தீவனத் தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. தும்மல் வந்தது, கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். நீங்கள் போன பிறகு இது என் வேலையாகிவிட்டது. உங்கள் பொறுமை எனக்கு வராது. நாலு தட்டு தட்டி, திட்டிக்கொண்டே செருகுவேன். நீலப் புள்ளி மின்னத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான் என்று இந்த வீட்டுக்கு வந்தோம். அவர்கள் இருவரும் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று கிளம்பிவிட, கோழிப்பண்ணை நம் தலையில் விழுந்தது. திறந்த கொட்டகை மட்டும் இருந்தவரை பரவாயில்லை. மூடிய கொட்டகை கட்டினார்கள், நமக்குக் கால்கட்டு போட்டார்கள். ஒரு கோடியில் தண்ணீர் ஓடும் ஈரத்தட்டி, மறுகோடியில் ஆள் உயரக் காற்றாடிகள். காற்றாடி நின்றால் வெயில் காலத்தில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகும். அதனால் கல்யாணமோ காதுகுத்தோ, நம் இருவரில் ஒருத்திதான் போக முடியும். போனவள் ஒரு லட்டோடு திரும்புவாள். இருந்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைத் தின்பாள். பெரும்பாலும் தின்றவள் நான்தான். எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

கொட்டகையை நடத்தும் கன்ட்ரோலர் பெட்டி அந்தப் பழைய மடிக்கணினியோடு மட்டும்தான் பேசும். அதன் ஒயரைச் செருகும் அகலமான வாய் புது மடிக்கணினிகளில் இல்லையாம். உள்ளே எத்தனை சூடு என்று திரையில் எண் ஓடும், ஆனால் அதைப் பார்க்க ஒருத்தி அங்கேயே நிற்க வேண்டும். நீங்கள் ஒருநாள் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு காது வெச்சுட்டாப் போதும் கண்ணு. ஊட்டு வை-ஃபையப் புடிச்சுக்கும், நாம எங்கிருந்தாலும் போன்லயே பாத்துக்கலாம்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. சேலம் போய் அந்தக் குச்சியை வாங்கி வந்தீர்கள். கூட வந்த குட்டி சி.டி.யைப் போடலாமென்றால் மடிக்கணினியின் சி.டி. கதவு திறக்கவே இல்லை. போனை சார்ஜர் ஒயரால் மாட்டி, அதன் நெட்டிலிருந்தே குச்சிக்கு வேண்டிய மென்பொருளை இறக்கினீர்கள். நடுவில் அது நின்று நின்று போனது. நான் எழுந்து முட்டை பொறுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் போனில் கொட்டகையின் சூடு இருபத்தெட்டு என்று காட்டியது. "இப்ப சிரிடி" என்றீர்கள்.

நாத்தனார் மகள் கல்யாணம் அந்தச் சித்திரையில் வந்தது. இருவருமே போவது என்று நீங்கள் அறிவித்ததும், தாய்மாமனாக மணவறையில் நிற்க ஊருக்கு வந்திருந்த உங்கள் வீட்டுக்காரர் முறைத்தார். நீங்கள் கண்டுகொள்ளவில்லை. இளம்பிள்ளையில் ஒரே கடையில் எடுத்த பட்டுச் சேலைகளைக் கட்டிக்கொண்டு, ஒரே ஸ்கூட்டரில் திருச்செங்கோட்டு மண்டபத்துக்குப் போனோம். பண்ணையில் வேலையாள் முருகேசன் இருந்தான். எத்தனையோ வருடத்தில் முதல் முறையாகப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெங்காயப் பச்சடியின் மேல் பழியைப் போட்டேன்.

போனை இலைக்கு மேலே சாய்த்து வைத்திருந்தீர்கள். இருபத்தேழு. சாம்பார் வந்தது, இருபத்தேழு. ரசம் ஊற்றினார்கள், இருபத்தேழு. எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்கள் கை மட்டும் சோற்றிலேயே நின்றுவிட்டது.

"கண்ணு, இந்த நம்பரு எத்தன நேரமா இப்பிடியே நிக்குது?"

"நல்லாத்தானுங்க்கா இருக்குது. இருபத்தேழுதான?"

"உச்சி வெயிலு. காத்தாடி ஒண்ணு ஓடும், ஒண்ணு நிக்கும். நம்பரு ஏறோணும், எறங்கோணும். அசையாம இருந்தா அது செத்த நம்பரு. எந்திரி சாமி."

நான் முருகேசனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நீங்கள் இலையை மூடாமலேயே எழுந்துவிட்டீர்கள். பந்தி முழுக்க நம்மைத் திரும்பிப் பார்த்தது. நாத்தனார் ஓடிவந்து, "அண்ணி, நல்ல காரியத்துல பாதி எலையில எந்திரிக்காதீங்க, உங்க கால்ல உழுகறேன்" என்று கையைப் பிடித்தாள். கையை விடுவித்துக்கொண்டு, "வாரேன் சாமி, கோவிச்சுக்காத" என்று மட்டும் சொன்னீர்கள். நாத்தனாரின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

வண்டியை நீங்கள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஒரு கையில் போனையும் மறு கையில் உங்கள் முந்தானையையும் பிடித்திருந்தேன். முட்டை லாரி ஒன்று வழிவிடாமல் முன்னால் உருண்டது. ஹாரனில் இருந்து கையை நீங்கள் எடுக்கவே இல்லை. முருகேசன் போனை எடுக்கவே இல்லை. போனில் அதே இருபத்தேழு. அந்த எண்ணைப் போல ஒரு பொய்யனை நான் பார்த்ததில்லை.

பண்ணை வாசலில் வண்டியை நிறுத்தியதுமே தெரிந்துவிட்டது. எப்போதும் கேட்கும் காற்றாடி இரைச்சல் பாதிகூட இல்லை. அந்த அவசரத்திலும் பட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு, வாசலில் இருக்கும் கிருமி மருந்துத் தொட்டியில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே ஓடினீர்கள். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போயிருந்தது. பெரிய காற்றாடிகள் நின்றுவிட்டன. மற்ற இரண்டு ஃபேஸில் கரண்ட் இருந்ததால் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பவில்லை. உள்ளே கோழிகள் அலகைப் பிளந்து, இறக்கையை விரித்து, சத்தமே போடாமல் நின்றன. அனல் முகத்தில் அறைந்தது. நான் கதவுகளையும் படுதாக்களையும் திறந்துகொண்டே ஓடினேன். நீங்கள் ஜெனரேட்டரைக் கிளப்பி, கரண்டை மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் கைப்பிடியில் தொங்கி அதை மறுபக்கம் தள்ளினீர்கள். முதல் காற்றாடி உறுமியதும் நான் தரையிலேயே உட்கார்ந்தேன்.

காற்றாடிக் கோடியில் இருந்த கோழிகள் பல போய்விட்டன. மற்றவை பிழைத்தன. இன்னும் கொஞ்சம் பிந்தி, பாயசம் குடித்துவிட்டு வந்திருந்தால் கொட்டகையே காலியாகியிருக்கும்.

முருகேசன் பழைய திறந்த கொட்டகையிலிருந்து முட்டைத் தட்டோடு வந்தவன் நம் கோலத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனான். அவன் போன் அறையில் சார்ஜில் கிடந்தது. "நீங்க போன்ல பாத்துட்டிருப்பீங்கன்னுதான் அக்கா நான் இந்தப் பக்கமே வரலீங்க" என்றான். அவனை என்ன சொல்வது? நாமும் அந்த எண்ணை நம்பித்தானே உட்கார்ந்திருந்தோம்.

மடிக்கணினியைத் தேடினால், அதன் மேல் சோறு வடிக்கும் பெரிய அலுமினிய அன்னக்கூடை கவிழ்ந்து கிடந்தது. காலையில் தீவன லோடு இறங்கியது. தூசி படக்கூடாதே என்று குழம்புச் சட்டியை மூடுவதுபோலக் குச்சியோடு சேர்த்து மூடிவிட்டு வந்திருக்கிறீர்கள். கூடைக்குள் சிக்னல் செத்துப்போக, போன் கடைசியாகக் கேட்ட எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கல்யாணத்திலிருந்து ஆண்கள் வந்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் கத்தினார். "பண்ணைக்கு ஒருத்தி இருக்கோணும்னு அன்னைக்கே சொன்னனா இல்லையா? அந்தக் குச்சியப் புடுங்கிக் கடாசு!"

"குச்சி என்னங்க பண்ணுச்சு? கூடையக் கவுத்துனது நானு" என்றீர்கள், குரலை உயர்த்தாமல். "குச்சி இருக்கட்டும். அடுத்த கல்யாணத்துக்கும் நாங்க ரெண்டு பேருந்தான் போவோம்."

மறுநாளே உட்கார்ந்து, மடிக்கணினி பேச்சை நிறுத்தினால் போன் கூப்பாடு போடும்படி செய்துவிட்டீர்கள். மூடுவதற்குப் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்துப் போட்டீர்கள். ஆனால் அடுத்த கல்யாணம் நமக்கு வாய்க்கவில்லை. மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டீர்கள். உங்கள் மேல் எனக்குத் தீராத கோபம். என்னைத் தனியாக விட்டுவிட்டீர்களே.

வருகிற வாரம் உங்கள் மகளுக்குக் கல்யாணம், அக்கா. மாப்பிள்ளை பள்ளிபாளையம், தறி வைத்திருக்கும் குடும்பம், நல்ல பையன். நேற்று எல்லாரும் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி என்னைப் பார்த்தார். "அன்னைக்குப் பண்ணைல ஆரு இருக்கறது?"

எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது. மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதானே.

"முருகேசன் இருப்பான். காத்தாடிகிட்டயே நிக்கோணும், எங்களுக்கு போன் இருக்குதுன்னு நெனைக்கவே கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். நம்மூட்ல ஆரும் பண்ணைல இருக்கப்போறதில்லீங்க" என்றேன். "பொண்ணுக்கு அம்மா எடத்துல நான் நிக்கோணும்."

உங்கள் வீட்டுக்காரர் எழுந்து கொட்டகைப் பக்கம் போனார். எட்டிப் பார்த்தேன். மடிக்கணினிக்கு முன்னால் குனிந்து நின்று, எண் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.