வாசுதேவநல்லூர் ஜெர்சியும் ஒன்பதாவது பாட்டும்

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுதேன். இங்கன எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அவளுக்குக் கடைவாய்ப் பல்லு மட்டும் வலிக்கு, டாக்டர்கிட்ட போன்னா கிராம்பை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நீ அந்த ஜலந்தர் குளிர்ல ஈரத்தலையோட பிராக்டிசுக்கு ஓடாம, சப்பாத்தியானாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு, முட்டியில அடி ஏதும் வாங்காம இருக்கேன்னு நம்புதேன். போன் இருக்கையில இந்த மனுசன் எதுக்குப் பேப்பர்ல எழுதுதான்னு நினைப்பே. போன்ல பேசினா நீ பாதியில கட் பண்ணுதே, போன ஞாயித்துக்கிழமை அப்படித்தானே பண்ணினே. இதைக் கிழிச்சாலும் படிச்சுட்டுத்தான் கிழிக்கணும். அம்மா அனுப்புத பருப்புப்பொடி பார்சலுக்குள்ளதான் வைக்கேன், பொடி மேல ஆசை இருந்தா கவரைப் பிரிச்சுத்தான் ஆகணும்.

முதல்ல நம்ம ஊர் கூத்தைக் கேளு. பொங்கலுக்கு நம்ம ஊர்ல நடக்குத பெண்கள் கபடிக்கு இந்தத் தடவை கமிட்டி என்ன முடிவு எடுத்திருக்குன்னா, போன வருசம் பைனல்ல வாசுதேவநல்லூர்கிட்ட தோத்த அவமானம் தாங்காம, சேலம் பக்கத்துல இருந்து ரெண்டு பிள்ளைகளைக் கெஸ்ட்டா இறக்கப் போறானுவ. எனக்கு இந்த கெஸ்ட் பிளேயர் வியாதியே பிடிக்காது. ரெய்டுக்குப் போற பிள்ளைக்கும் கார்னர்ல நிக்குத பிள்ளைக்கும் கண்ணால பேசுத பழக்கம் வேணும், முந்தின நாள் பஸ்ஸை விட்டு இறங்கி மறுநாள் ஆடினா அது எப்படி வரும்? மோட்டாரை ஒரு கடையிலயும் பெல்ட்டை அளவு பாக்காம இன்னொரு கடையிலயும் வாங்கி மாட்டினா தறி ஓடுமா? குருவிகுளம் வாலிபால் டீம் இப்படித்தான் வெளியூர் ஸ்மேஷர் ஒருத்தனைக் கொண்டாந்தானுவ, பந்தைத் தூக்கிக் கொடுக்க ஆள் இல்லாம அவன் கடைசி வரைக்கும் குதிச்சுக் குதிச்சுக் காத்தைத்தான் அடிச்சான். பாத்துட்டு வந்தும் இவனுவளுக்குப் புத்தி வரலை.

அதைவிட எரிச்சல் என்னன்னா, செயலாளர் காசிராஜன் அண்ணாச்சி அந்தச் சேலத்துப் பிள்ளைக வீட்டுக்குக் கார் பிடிச்சுப் போயி, தட்டுல வெத்தலை பாக்கு பழம் ஜெர்சி எல்லாம் வச்சு முறையா அழைச்சுட்டு வந்தாரு. நம்ம வீடு அவரு ஜவுளிக்கடைக்குப் பின்னால இருக்கு, இங்கன வரலை. கேட்டா, செல்வி நம்ம வீட்டுப்பிள்ளை வே, அவளுக்கு எதுக்கு அழைப்பு, லீவுல வரத்தானே செய்வா, வந்ததும் ஜெர்சியை மாட்டி இறக்கிவிட வேண்டியதுதானேங்காரு. நேஷனல் கேம்ப் வரைக்கும் போன பிள்ளையைப் பந்தல் கம்பு மாதிரி, வேணும்போது எடுத்து நட்டுக்கிடலாம்னு நினைச்சிருக்காரு. அன்னைக்குக் கமிட்டிக் கூட்டத்துல அவரு இதைச் சொன்னப்ப எல்லாரும் தலையை ஆட்டினானுவ. வாசுதேவநல்லூர் கோச் மீரா பீவி அப்படி நினைக்கலை. பஸ் ஏறி நம்ம வீட்டுக்கு வந்து, தட்டு வச்சு, உன் பேரு அச்சடிச்ச ஜெர்சியை அம்மா கையில கொடுத்துட்டுப் போயிருக்கா. நான் மைக்செட் கடையில ஆம்ப்ளிபயரைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். உங்கம்மா எனக்கு ஒரு போன் போடலை. வீட்டுக்கு வந்தா சாமி படத்துக்குக் கீழே வாசுதேவநல்லூர் ஜெர்சி! எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஏட்டி வள்ளி, என்ன காரியம் பண்ணிட்டேன்னு கத்தினேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டே, கேட்டு வந்தவங்களுக்கு வாக்குக் கொடுத்தேன், கேக்காதவங்களுக்கு எப்படிக் கொடுக்கன்னு சொல்லிட்டு உலையைப் பாக்கப் போயிட்டா. தட்டை வாங்கியாச்சு, இனி அதைத் திருப்பிக் கொடுக்கது இந்தப் பக்கத்துல கிடையாது, அது உனக்கும் தெரியும்.

அதுக்கு மேலதான் உனக்குப் போன் போட்டேன், சத்தம் போட்டேன், ஒத்துக்கிடுதேன், சத்தம் அதிகம்தான். ஆனா நீ என்ன சொன்னே? நீங்களும் அந்தக் கூட்டத்துல இருந்தீங்க, நீங்ககூட என் பேரைச் சொல்லலையேப்பான்னு சொல்லிட்டு வச்சுட்டே. நான் எதுக்குச் சொல்லலைன்னு கேட்டியா? மைக்செட் நம்மது, அப்பன் கமிட்டியில, மக டீம்லன்னு நாளைக்கு டீக்கடையில உக்காந்து நாலு பேரு பேசுவான். நீ பள்ளிக்கூடத்துல ஆடத் தொடங்கின நாள்ல இருந்து அந்தப் பேச்சு உன் மேல விழுந்துறக் கூடாதுன்னு நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன். உன் பேரைச் சொல்ல நூறு பேரு இருக்கானுவ, நான் எதுக்குன்னு இருந்தேன். நூறு பேரும் அப்படியே நினைச்சுட்டானுவ போலிருக்கு. அதுக்காக நீ என்கிட்ட சொல்லாம முன்னாலயே போன்ல மீரா பீவிக்குச் சரின்னு சொல்லியிருக்கே பாரு, அது தப்புதான். அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு, நீ வந்து நேர்ல பேசினாத்தான் தீரும்.

அடுத்தது உன் பாட்டு. அந்த ஈரத்துணிங்கிற குரூப்போட ஆல்பம் அனுப்பினியே, 'கரண்ட் வந்தாச்சு'ன்னு பேரு, அதுல ஒன்பதாவது பாட்டைத்தான் கிரவுண்டுக்குள்ள ஓடி வரும்போது போடணும்னு சொல்லியிருந்தே. முழுசாக் கேட்டேன். முதல் பாட்டுல மழைச் சத்தம், பிறகு டீ ஆத்துத சத்தம், பாட்டு எப்ப வரும்னு நானும் நம்ம கடைப்பய சேக் மைதீனும் கடையில காத்துக்கிட்டு இருக்கோம். பாட வந்த பய, பக்கத்து ரூம்ல பிள்ளை தூங்குத மாதிரி முனங்குதான். அஞ்சாவது பாட்டு முழுக்க ஒருத்திகிட்ட மன்னிப்புக் கேக்கான், நேர்ல போயிச் சொல்லிட்டு வர வேண்டியதுதானே, அதுக்கு வயலின் எதுக்கு? சத்தம் எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கி வச்சிருக்கானுவ, ஹெட்போன்ல கேட்டா பெருசா இருக்கும், நம்ம ஸ்பீக்கர் பாக்ஸ்ல போட்டா கீழே கும்முன்னு ஒரு இரைச்சல், மேல சீன்னு ஒரு சத்தம், நடுவுல ஒண்ணுமில்லை. இன்னொண்ணு கவனிச்சியா, ரெண்டு வரிக்கு நடுவுல அவன் மூச்சு இழுக்குத சத்தமே கிடையாது, கம்ப்யூட்டர்ல வெட்டி எறிஞ்சுட்டானுவ. மூச்சே விடாத மனுசன் என்னத்தைப் பாடுவான்? தீபாவளிக்கு அனுப்பினியே ஒரு ராப் பய பாட்டு, அவன் தேவலை, ஒரே மூச்சுல அவ்வளவு வார்த்தை சொல்லுதான், அவனை ரெய்டுக்கு அனுப்பினா போனஸ் எடுத்துட்டு வந்துருவான். அண்ணே, இது உங்க வயசுக்குப் போட்ட பாட்டு இல்லைங்கான் சேக். எனக்கென்ன கிழட்டு வயசா, நாப்பத்திரெண்டு இன்னும் முடியலை.

இந்தப் பாட்டுக்குத்தான் நேத்துக் கமிட்டியில சண்டை. நம்ம கிரவுண்டுல சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் பேரு சொல்லிப் பாட்டுப் போடுவோம், எதிர் டீமுக்கு விசில் மட்டும்தான், அது பழக்கம். காசிராஜன் அண்ணாச்சி என் முகத்தைப் பாக்காமலே, செல்விக்கு இந்த வருசம் விசில்தான், எதிர் டீம்லான்னாரு. நான் கேட்டேன், அழைக்கும்போது வீட்டுப்பிள்ளை, ஆட வரும்போது எதிர் டீமா, ரெண்டுல ஒண்ணு சொல்லும்வேன்னு. இசக்கிச்செல்வி இந்த ஊர்ப் பிள்ளை, அவ எந்தச் சட்டை போட்டு வந்தாலும் அவ பேரை நான்தான் மைக்ல சொல்லுவேன், முடியாதுன்னா என் பாக்ஸை நான் கழட்டிக்கிட்டுப் போறேன், நீங்க தகரத்தைத் தட்டிப் போட்டியை நடத்துங்கன்னு எந்திரிச்சுட்டேன். அண்ணாச்சி கோயில் வாசல் வரைக்கும் பின்னாலயே வந்து, சரி போடும்வே, கோவப்படாதேயும்னாரு. டீக்கடையில என்னமும் பேசட்டும்.

அதனால ஒன்பதாவது பாட்டு உண்டு. ஆனா முழுசாப் போட மாட்டேன், தொடக்கத்துல இருக்குத அந்த ரயில் சத்தத்தை எல்லாம் வெட்டியாச்சு. டிரம் விழுகதுக்கு முன்னால, அதுல பாடுத பொம்பளப்பிள்ளை ஒரு மூச்சு இழுக்கா பாரு, அதை மட்டும் மறந்துபோயி விட்டு வச்சிருக்கானுவ, அந்த ஆல்பத்துலயே உருப்படியானது அதுதான். கோட்டைத் தாண்டுததுக்கு முன்னால நீ இழுப்பியே, அதே மாதிரி. அங்கன இருந்துதான் தொடங்குவேன், நீ கிரவுண்டு வாசலுக்கு வெளியே நின்னு அதைக் கேட்டதும் ஓடி வா. அது வரைக்கும்தான் அப்பன். ஆட்டம் தொடங்கிட்டா நான் சங்கரன்கோவில்க்காரன், நீ ரெய்டு வந்தா மைக்கை அணைச்சுட்டு, புடி, விடாதேன்னுதான் தொண்டை கிழியக் கத்துவேன், பிறகு அழக் கூடாது. பிடி விட்டுத் தப்பிச்சுப் போனியோ, அப்ப நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலை.

ரயில்ல நடுப் பெர்த் வாங்காதே, முட்டியை மடக்கிப் படுக்கக் கூடாது. கோமதியம்மன் உனக்குத் துணை இருப்பா, மூச்சும் காலும் உறுதியா இருக்கட்டும் மக்கா. முட்டிக் கேப் மறக்காம எடுத்துட்டு வா, நம்ம ஊர் மண்ணு நீ அங்கன ஆடுத ரப்பர் மேட் மாதிரி கிடையாது, சேலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது, நானும் சொல்லப் போறதில்லை. வாசுதேவநல்லூர் ஜெர்சியை அம்மா தொவைச்சு மடிச்சு வச்சிருக்கா, தோள்ல ஒரு தையல் விட்டிருந்தது, நான்தான் தைச்சேன், அம்மாகிட்ட சொல்லிராதே.

உன்மேல கோவத்துல இருக்குத
அப்பா சங்கரசுப்பிரமணியன்
சங்கரன்கோவில்