சின்னப்பொண்ணுக்குப் பிறகு ஒரு ஜீப்

20 மே 1956, ஞாயிறு

காலையில் தூறல். ஓசூர் முழுக்க மண்வாசனை. ஆலயத்துக்குப் போகவில்லை. நெற்றியில் பிளாஸ்திரி, இடது முட்டி வீக்கம். என் மனைவி எஸ்தர் மட்டும் போய் வந்தாள். சபையார் எல்லோரும் விசாரித்தார்களாம். என்னை அல்ல. காரை.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். உத்தனப்பள்ளியில் ஒரு காய்ச்சல் கேஸ் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பும்போது மாலை ஆறரை. எதிரே சூரியன். அச்சு முறிந்து ரோட்டோரம் நின்ற மாம்பழ லாரியின் பின்புறத்தில் போய் இடித்தேன். வேகம் அதிகமில்லை. ஆனாலும் என் பேபி கார் லாரிக்கு அடியில் பாதிவரை நுழைந்துவிட்டது. லாரியின் பின்பலகை அவிழ்ந்து, கூடைகள் என் கான்வாஸ் கூரையைக் கிழித்துக்கொண்டு மடியில். செந்தூரா. நல்ல பழம்.

லாரி டிரைவர் முனுசாமி, காவேரிப்பட்டினத்துக்காரன். பழங்களுக்குள்ளிருந்து என்னைத் தோண்டி எடுத்தான். தன் துண்டால் நெற்றியைக் கட்டினான்.

“சாமி, உசுரு இருக்குதுங்களா?”

“இருக்குதப்பா.”

“அப்ப பேசாதீங்க.”

அதற்கப்புறம்தான் வண்டியைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

பதினெட்டு வருடம். 1938-ல் பெங்களூரில், சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு துரையிடம் வாங்கியது. பச்சை. கிராமங்களில் அதற்குப் பெயர் சின்னப்பொண்ணு. தளியில், ராயக்கோட்டையில், எங்கே போனாலும் குழந்தைகள் கத்தும்: “டாக்டரூட்டு சின்னப்பொண்ணு வந்துட்டாடோய்!” என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

மத்தியானம் எஸ்தர் மாம்பழம் நறுக்கினாள். ஐந்து சாப்பிட்டேன். துக்கத்தில் பசி அதிகம்.

21 மே, திங்கள்

வெயில். இரண்டு ஜோடி மாடு பூட்டிச் சின்னப்பொண்ணை இழுத்து வந்தார்கள். டிஸ்பென்சரி வாசலில் கூட்டம். துக்கம் விசாரிக்கிற மாதிரியே. ஒரு அம்மாள் உட்கார்ந்து அழுதே விட்டாள்: “எம் மூணாவதை இந்த வண்டியிலதான சாமி பெத்தேன்!” உண்மை. கெலமங்கலம் பாலத்தில். பின்சீட்டில் இன்னும் அந்தக் கறை.

மெக்கானிக் படுத்து, எட்டிப் பார்த்து, எழுந்து, கைப்புழுதியைத் தட்டிக்கொண்டார். சேசிஸ் வளைந்துவிட்டது. அவ்வளவுதான்.

கம்பவுண்டர் வெங்கடப்பா தெலுங்கில் ஒரு மூச்சு புலம்பிவிட்டு, பின்சீட்டைக் கழற்றி உள்ளே கொண்டுபோனார். கர்ப்பிணிப் பெண்கள் காத்திருக்கிற இடத்தில் போட்டார். மாலைக்குள் அதில் உட்கார இடச் சண்டை. அந்தச் சண்டையைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

22 மே, செவ்வாய்

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையான பிள்ளை. வாக்குமூலம் எழுத வந்திருக்கிறார். அடையாளம் எதுவும் வைக்காமல் ரோட்டில் லாரியை நிறுத்தினதாக முனுசாமி மேல் கேஸ். லைசென்ஸ் போய்விடும்.

“செவப்புத் துண்டு கட்டினேன், கையாலயும் வீசினேன்னு சொல்றான் சார். முன்னாடி போன ரெண்டு வண்டி பாத்து ஒதுங்கிப் போச்சாம். பொய். துண்டு இருந்திருந்தா டாக்டர் கண்ணுக்குத் தெரியாமப் போகுமா?”

முட்டி வலி, நாளைக்கு எழுதலாம் என்று அனுப்பிவிட்டேன்.

கொல்லையில் கொடியில் ஒரு துண்டு காய்கிறது. என் நெற்றியைக் கட்டியது. எஸ்தர் துவைத்துப் போட்டிருக்கிறாள். சிவப்பு.

23 மே, புதன்

நோயாளிகள் 41. பாதிப்பேர் துக்கம் விசாரிக்க.

சாப்பாட்டு நேரத்தில் டிஸ்பென்சரிக் கதவைச் சாத்திக்கொண்டு, வலது கண்ணைக் கையால் மூடி, சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். காலண்டர் இல்லை. சுவரும் பாதிதான். பால் ஊற்றின கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல்.

இது ஒரு வருடமாகத் தெரியும். இன்னொருவருக்கு இருந்தால் ஒரு நிமிஷத்தில் பெயர் சொல்லியிருப்பேன். எனக்கு என்றதும் ‘சூரியன்’ என்று எழுதிவைத்தேன். மூன்று நாளுக்கு முன் இதே நோட்டில். வெட்கம்.

24 மே, வியாழன்

ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன். முனுசாமி வேப்பமரத்தடியில் குந்தியிருந்தான். நான்கு நாளாக வண்டி எடுக்க விடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, “முட்டி எப்பிடிங்க சாமி இருக்குது?” என்றான். துண்டை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

“தம்பி, அவன் துண்டு கட்டியிருந்தான். எனக்குத்தான் தெரியல.”

“டாக்டர், நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க.”

“மனசு இல்ல தம்பி. கண்ணு.”

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேஸ் இல்லை. வெளியே வந்தபோது முனுசாமி என் காலில் விழப் போனான். தடுத்தேன். “நான்தாம்ப்பா உன் லாரியில விழுந்தவன்” என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் ஸ்டேஷன் காவலரும் சேர்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். சொல்வதற்கு மூன்று முறை தண்ணீர் குடித்தேன். அவள் பருப்பு ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஒரு வருஷமா வண்டியில நான் ஏன் வாய் மூடாம வர்றேன்னு நினைச்சீங்க? அதோ மாடு போகுது பாருங்க, பாலம் வந்துடுச்சு பாருங்க, அந்தம்மா என்ன சேலை கட்டியிருக்கு பாருங்கன்னு. எனக்கென்ன சேலைப் பைத்தியமா?”

முறத்தைக் கீழே வைத்தாள். “சனிக்கிழமை நான் கூட வரல. அதான்.” கண் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவருமே சிரித்துவிட்டோம். ஏன் என்று தெரியவில்லை.

கல்யாணமாகி இருபத்தேழு வருடம். இவள் வாயாடி என்று தம்பிக்குக் கடிதம்கூட எழுதியிருக்கிறேன்.

25 மே, வெள்ளி

பஸ்ஸில் பெங்களூர். கண் டாக்டர், என்னைவிட இருபது வயது சின்னவர். இடது கண்ணில் புரை. “இன்னும் முற்றவில்லை. முற்றட்டும், எடுத்துவிடலாம்.” வலது கண் நன்றாக இருக்கிறது. வாசிக்கலாம், ஊசி போடலாம், பிரசவம் பார்க்கலாம். வண்டி மட்டும் கூடாது.

எஸ்தர் பெரிய ஓட்டலில் மசால் தோசை வாங்கிக்கொடுத்தாள். தண்டனையா பரிசா என்று கேட்டேன். “தோசை” என்றாள்.

28 மே, திங்கள்

வண்டி யோசனை. ஊரே யோசிக்கிறது. டீக்கடையில் ராஜ்யப் பிரிவினைப் பேச்சாம்; வெங்கடப்பா கேட்டு வந்து சொன்னது:

“ஓசூரு மைசூருக்குப் போவுதா, மெட்ராசுலயே இருக்குதா?”

“அது கெடக்குதுய்யா. டாக்டருக்கு வண்டி வருதா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல.”

வந்த யோசனைகள்:

புது கார். பெயர் பதிந்துவிட்டு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பிரசவங்கள் காத்திருக்காது.

ஜட்கா. ஜவளகிரிக்குப் போய்ச் சேருவதற்குள் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும்.

தேன்கனிக்கோட்டை ஜமீன் மிட்டாதாரின் அமெரிக்கக் கார். மத்தியானம் போய்ப் பார்த்தோம். படகு மாதிரி நீளம். பின்கதவைத் திறந்தால் கோழி. அடைகாத்துக்கொண்டிருக்கிறது. “இன்னும் எட்டு நாளுங்க, பொரிச்சிட்டா வண்டி ஒங்குளுது” என்றார் மிட்டாதார். எஸ்தர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

எந்த வண்டி என்றாலும் டிரைவர் ஒருவர் வேண்டும். அதுதான் மனசில் இறங்க மறுக்கிறது. பின்சீட்டில் பெட்டியோடு உட்கார்ந்து போகிற கிழவனாக என்னை நானே பார்க்க முடியவில்லை. இன்றைக்கு நடக்கும்போதுகூட வலது கை கியரைத் தேடியது. சின்னப்பொண்ணுக்குக் கியர் இடப்பக்கம். அந்தளவுக்குக் குழப்பம்.

30 மே, புதன்

எஸ்தர் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “டிரைவர் எதுக்கு? நான் ஓட்டறேன்.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கரண்டி அந்தரத்தில்.

“உனக்கு நாற்பத்தாறு வயசு.”

“உங்களுக்கு ஐம்பத்து மூணு. லாரிக்கு அடியில ஓட்டினீங்க.”

இரண்டாவது தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

யோசித்தால், ஒரு வருடமாக அவள்தானே ஓட்டியிருக்கிறாள். கையால் இல்லை, அவ்வளவுதான்.

6 ஜூன், புதன்

பெங்களூர். மிலிட்டரியில் ஏலம் விட்ட ஜீப்புகள் நிற்கிற ஒரு ஷெட். நான் வெளியே நின்றேன். எஸ்தர் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். டயரைக் காலால் உதைத்தாள். யாரிடம் கற்றாளோ.

“ஜவளகிரி ரோட்ல போவுமா?” என்று ஷெட்காரரிடம் கேட்டாள்.

“ஹோகுத்தம்மா! ரோடு இல்லாட்டியும் போகும்” என்றார் அவர், பாதிக் கன்னடம் பாதித் தமிழில்.

வாங்கிவிட்டோம். அமெரிக்க ஜீப். ஸ்டியரிங் இடப்பக்கம். கதவு கிடையாது. சத்தம், அரிசி மில் போல. சாம்பல் நிறம். அழகு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஷெட் ஆள் ஓட்டிவந்து வாசலில் விட்டுப் போனார். வெங்கடப்பா பார்த்துவிட்டு, “இதி காரா, எருமையா?” என்றார்.

சின்னப்பொண்ணின் ஹாரனை மட்டும் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். அதற்குமேல் எழுத வேண்டாம்.

9 ஜூன், சனி

வெயில், காற்று. முனுசாமி வந்தான். பெங்களூரில் பழம் இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. எஸ்தர் வண்டி பழகப் போவது ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. “அம்மாவுக்கு நான் சொல்லிக்குடுக்கிறேனுங்க. வேற ஆளு வெச்சிக்காதீங்க” என்றான். உத்தரவு போல இருந்தது.

வற்றிக் கிடக்கிற ஏரியில் பாடம். கரையில் நான், வெங்கடப்பா, ஐம்பது பேர், எருமைகள்.

“கிளச்சும்மா. கிளச்சு. அது பிரேக்குங்க. அதுவும் பிரேக்குங்க.”

ஜீப் தவளை மாதிரி துள்ளியது. நின்றது. துள்ளியது. எருமைகள் எழுந்து மரியாதையாக ஒதுங்கின. ஒரு மணி நேரம். இறங்கும்போது எஸ்தர் முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. இப்படி அவள் சிரித்து எத்தனை வருடம்?

16 ஜூன், சனி

மூன்றாம் பாடம். ஏரியைச் சுற்றி முழு வட்டம். ஓட்டும்போதும் பேசிக்கொண்டே இருக்கிறாள்: “மாடு. பள்ளம். கல்லு. அந்தம்மா பச்சைச் சேலை.” முனுசாமி என்னிடம் தனியாக வந்து கேட்டான். “அம்மா யாருகிட்டங்க சாமி பேசறாங்க?”

“என்கிட்டதான்” என்றேன்.

சபையில் இரண்டு பேர் முகம் சுளித்தார்களாம். ஊழியம் செய்கிற வீட்டுப் பெண் இப்படியா என்று. எஸ்தர் அவர்களிடம், பிரசவ வலி எடுத்தால் எந்த வண்டியில் வருவதாக உத்தேசம் என்று கேட்டிருக்கிறாள்.

22 ஜூன், வெள்ளி

சேலம். லைசென்ஸ் பரீட்சை. முனுசாமி சம்பளமில்லா லீவு போட்டுக் கூட வந்தான். ஜீப்பில் ஏறிய அதிகாரி கம்பியைப் பிடித்த பிடியை விடவேயில்லை. கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அவர் இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு, “யார் சொல்லிக்கொடுத்தது?” என்றார். முனுசாமி பயந்துகொண்டே கை தூக்கினான். “நல்லா சொல்லிக்கொடுத்திருக்கே” என்றார். முனுசாமி அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பாஸ். வரும் வழியில் தொப்பூர் மலையேற்றம் முழுக்க அவளே. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று சொற்கள் தவிர.

29 ஜூன், வெள்ளி. ஜவளகிரி

இரவெல்லாம் மழை, காலையில் விட்டது. விடிந்ததும் ஆள் வந்தது. ஜவளகிரியில் தலைப்பிரசவம், இரண்டு நாள் வலி. பழக்கத்தில் ஜீப்பின் வலப்பக்கம் போய் ஏறினேன். என் முன்னால் ஸ்டியரிங் இல்லை. இடப்பக்கம் எஸ்தர், சேலையைச் செருகிக்கொண்டு, “பிடிச்சுக்குங்க” என்றாள்.

தளி தாண்டியதும் ரோடு இல்லை, சேறு. சின்னப்பொண்ணு இந்த இடத்தில் எப்போதும் நின்றுவிடும். இறங்கி நடப்பேன், ஒரு மணி நேரம் போய்விடும். இன்று நிற்கவில்லை. மூங்கில் இலை முகத்தில் அடித்தது. ஓடைத் தண்ணீர் காலில். ஒரு மயில் குறுக்கே. இத்தனை வருடம் இந்த வழியில் போயும் ரோட்டைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. அரைமணி தாமதித்திருந்தால் இங்கே எழுதுவது வேறு மாதிரி இருந்திருக்கும். பெண் குழந்தை. நீலமாக வந்தது, தட்டினேன், கத்தியது. தாய் நலம்.

கைகழுவி வெளியே வந்தால் என்னைக் கவனிக்க ஆள் இல்லை. பெண்கள் எல்லோரும் ஜீப்பைச் சுற்றி. ஒருத்தி பானெட்டைத் தடவிப் பார்க்கிறாள். “ஏம்மா, பொம்பள ஓட்டுனா இது போவுமா?” என்று ஒரு கிழவி. எஸ்தர், “ஏறு, பாக்கலாம்” என்றாள்.

கிழவி ஏறினாள். கூடவே ஒன்பது பேர். ஊரை ஒரு சுற்று. கூச்சல் மலைவரை கேட்டது. இறங்கினவர்கள் இடத்தில் அடுத்த ஒன்பது பேர். கிழவி இறங்கவே இல்லை.

புளியமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டுத் தந்திருக்கிறார்கள். பெட்டியை மடியில் வைத்து இதை எழுதுகிறேன். குழந்தையின் அப்பன் மோர் கொண்டுவந்தான். வீட்டுக்குப் போகவேண்டும், டிஸ்பென்சரியில் கூட்டம் காத்திருக்கும். இதோ வருகிறது, ஐந்தாவது சுற்று. எழுந்து கை காட்டினேன். எஸ்தரும் கை காட்டினாள். நிறுத்தவில்லை.