குட்டிக்குக் காத்து குறை

கூடப் பிறக்காமலே எனக்கு அண்ணனாக இருந்த மாரிமுத்து அண்ணனுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்களுக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நம் தோட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். இன்னும் பாதிப் பேர், காட்டுக்குள் இருந்து யாரோ உங்களைச் சுட்டுக் கொன்றதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

யாரும் சுடவில்லை, அண்ணே. டயர் வெடித்தது. அந்த டயரில் இருந்த காற்றை இறக்கி விட்டவன் நான்.

அந்தக் கடைசி நொடியில் உங்களுக்குத் தெரிந்ததா? தெரிந்துதான் இருக்கும். இருபது வருஷம் லாரி ஓட்டியவருக்குத் துப்பாக்கிச் சத்தத்துக்கும் டயர் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா போகும்? அப்போது என்னை நினைத்தீர்களா? என்ன நினைத்தீர்கள்? ஏழு மாதமாக இதே கேள்விதான்.

நம் லாரிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லரை நீங்கள்தான் முதலில் "குட்டி" என்று கூப்பிட்டீர்கள். பிறகு தோட்டம் முழுக்க அதுவே பேராகிவிட்டது. கங்காணி முதல் கணக்கெழுதும் கிராணி வரை எல்லோரும் "குட்டியைக் கட்டு, குட்டியை அவிழ்" என்றார்கள். அதன் பக்கப் பலகையில் இரண்டு டன் என்று எழுதியிருக்கும். யார் வந்து கெஞ்சினாலும் அதற்கு மேல் ஒரு ரப்பர் ஷீட்டைக்கூட ஏற்ற மாட்டீர்கள். "தாய் இழுத்துரும்லா, குட்டிதான் தாங்காது" என்பீர்கள்.

நீங்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். எழுதுவது மட்டும் தந்தி அடிப்பது மாதிரி, மூன்று வார்த்தைக்கு மேல் வராது. நான் கொட்டகையைத் திறப்பதற்குள் நீங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்கான வேலையைச் சாக்குக்கட்டியால் பலகையில் எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள். காற்றடிப்பதும் டயர் ஒட்டுவதும் என் வேலை. உங்கள் எழுத்தைப் பார்த்துச் செய்துவிட்டு அழித்துவிடுவேன். ஆறு வருஷம் அப்படித்தான் ஓடியது.

காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதென்று, லயத்து வீடுகளைப் பிரித்து எல்லோரையும் முள்வேலிக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததே, அந்த வாரம் நல்ல மழை. சதுப்புக் காட்டில் லாரி புதைகிறது என்று டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னீர்கள். காற்று கொஞ்சம் குறைந்தால் டயர் பரந்து சேற்றைப் பிடிக்கும். வேலை முடிந்ததும் மறுபடி ஏற்றச் சொன்னீர்கள். இரண்டையும் செய்தேன்.

சாமான் ஏற்றும் நாள் காலையில் பலகையில் இப்படி எழுதியிருந்தது: "குட்டிக்குக் காத்து குறை."

காற்று குறைவாக இருக்கிறது, அடித்து வை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். காற்றைக் குறைத்து விடு என்று நான் வாசித்தேன். ஒரே எழுத்து, ஒரே வார்த்தை. நான்கு நாளுக்கு முன்னால்தான் குறைக்கச் சொன்னவர், இன்றைக்கும் சேறு என்பதால் குட்டிக்கும் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். காற்றளக்கும் கேஜை வைத்துப் பார்த்தால் ஐம்பது பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பதுதான் காட்டியது. சரி, அண்ணன் பாதி வேலையை ஆரம்பித்து வைத்திருக்கிறார் என்று மீதியை நான் முடித்தேன். இரண்டு பக்கமும் இருபத்தைந்துக்குக் கொண்டுவந்துவிட்டு, எழுத்தை அழித்தேன்.

முப்பத்திரண்டு வயதுக்காரன் நான், விவரம் தெரியாத பிள்ளை இல்லை. சந்தேகம் ஒரு துளி வந்தது, அண்ணே. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. நீங்கள் அப்போது பைப்படியில் குளித்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து போய்க் கேட்கச் சோம்பலாக இருந்தது.

அன்றைக்கு நீங்கள் காட்டிய கவனம் யாருக்கு வரும்? ஊரடங்குக்கு முன்னால் எல்லாச் சாமானும் வேலிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கிராணி கத்துகிறார். பெண்கள் சட்டிபானை, சாமி படம், பாய் எல்லாவற்றையும் முதலில் ஏற்றிவிட்டு, அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கடைசியாகக் கொண்டுவந்து குட்டியின் பின்னால் அடுக்கிவிட்டார்கள். வீட்டை விட்டுக் கல்லைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டுமாம். நீங்கள் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னீர்கள்.

"கல்லு பூரா பின்னால கெடந்தா குட்டி வாலை ஆட்டும்மா. அது வாலை ஆட்டுனா நான் மேல போயிருவேன். முன்னால ஏத்துங்க."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கற்களை முன்பக்கம் மாற்றி, கயிறு கட்டி, பதினோரு வீட்டுச் சாமான் போதும், மிச்சம் இரண்டாம் நடைக்கு என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"குட்டி ரெடியாடா தம்பி?"

"நீங்க எழுதுனபடி செஞ்சிட்டேண்ணே."

தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டீர்கள். பக்கவாட்டில் தொங்கிய கூரைத் தகரங்கள் டயரை மறைத்திருந்தன, இல்லாவிட்டால் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. பாரம் பலகையில் எழுதியபடிதான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு டன் கணக்கு, டயரில் முழுக் காற்று இருந்தால்தானே? பாதிக் காற்றில் அது நான்கு டன்னுக்குச் சமம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான்.

ஆறு மைல் போயிருக்கிறீர்கள். இறக்கத்து வளைவில் இடது பக்க டயர் வெடித்தது. குட்டி சாய்ந்து லாரியின் பின்பக்கத்தைத் தள்ள, இரண்டும் ஓடையில் விழுந்தன. பாதுகாப்புக்கென்று லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்த காவல்காரர்கள் இருவரும் குதித்து, "தெம்பாக்! தெம்பாக்!" என்று மலாயில் "சுடு, சுடு" எனக் கத்திக்கொண்டு மரங்களுக்குள் சுட்டார்கள். யாரோ தங்களைச் சுடுகிறார்கள் என்று நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மாதிரிக் காலம் இது.

ஓடைக்குக் கீழே கீரைத்தோட்டம் வைத்திருந்த ஆ கிம், சத்தம் கேட்டு மேலே ஓடி வந்திருக்கிறார். கையில் கீரை அறுக்கும் கத்தி. காட்டிலிருந்து சுட்டவர்களின் ஆள் என்று அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கே நான் ஓடைக்குப் போய் அந்த டயரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். குண்டு பட்ட ஓட்டை எங்கும் இல்லை. உள்பக்கத்தைத் தடவினால் ரப்பர் கறுப்புத் தூளாகக் கையில் ஒட்டியது. காற்றில்லாமல் பாரத்தோடு ஓடி, சூடேறிக் கிழிந்த டயர். இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தானே எனக்குச் சம்பளம்? சாக்கைப் போட்டு மூடி வைத்தேன்.

பதினொரு நாள் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் உங்களை வீரன் மாதிரிப் பேசினார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் ஆ கிம் வெளியே வரவில்லையே, அண்ணே. அவருடைய மனைவி ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று ரப்பர் பால் ஏற்றும் லாரிக்காரன் வந்து சொன்னான்.

அன்று மாலையே அண்ணியிடம் போய்ச் சொன்னேன். முள்வேலிக்குள் கொடுத்த புது வீட்டில், நீங்கள் முன்பக்கம் ஏற்றச் சொன்ன அம்மி உடையாமல் வந்து சேர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். அழவில்லை, கத்தவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"குளிச்சிட்டுதானே இருந்தாரு தம்பி. கூப்புடு தூரம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எழுந்து கொட்டகைக்கு வந்து, சாக்கை விலக்கி டயரை வெளியே எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் டயரை உருட்டிக்கொண்டு நான் புறப்பட்டபோது அண்ணியும் கூட வந்தார். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. ஸ்டேஷனில் வெள்ளைக்காரத் துரைக்கு நம் தமிழ் ஆள் ஒருவர் மொழிபெயர்த்தார். பலகையில் என்ன எழுதியிருந்தது என்று துரை கேட்க, அவர் ஒரு தரம் சொன்னார், பிறகு இன்னொரு மாதிரிச் சொன்னார். எது சரி என்று துரைக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டும் ஒரே வார்த்தைதான் என்பதை அவருக்குப் புரியவைக்க அந்த மனுஷனால் முடியவில்லை. வியர்த்துப் போனார்.

அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தார். "தொரை, இது எங்க பாஷையில வந்த குத்தம். இவன் சரியா படிக்கல. அந்தச் சீனன் மேல போடாதீங்க. செத்தது என் புருஷன், நான் சொல்றேன்."

துரை டயருக்குள் கையை விட்டுப் பார்த்தார். கறுப்பான விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். பதினெட்டு நாள் கழித்து ஆ கிம்மை விட்டார்கள். அதற்குள் அவர் தோட்டத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், சாலையோரத்தில் மறைவு இருக்கக் கூடாதாம். அவரைச் சிம்பாங் அம்பாட் பசாரில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "பூஞி குவாட். சாயா மாவு தோலோங்" என்று மட்டும் சொன்னார். சத்தம் பெரிதாகக் கேட்டது, உதவி செய்யத்தான் வந்தேன் என்று. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. லைசென்ஸ் உள்ள ஆள் வேறு யாரும் இல்லாததால், ஓடையிலிருந்து தூக்கிச் சரிசெய்த லாரியில் உங்கள் இடத்தில் என்னையே உட்கார வைத்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய தண்டனை எந்தத் துரைக்கும் தோன்றியிருக்காது. வேலிக்குள் இருந்து ரப்பர் மரங்கள் இருக்கும் பால்காடு தூரம் என்பதால், காலையில் கேட் திறந்ததும் ஆட்களைக் குட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். அண்ணியும் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறார். தினமும் நான் இழுக்கும் குட்டியில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார். ஸ்டேஷனுக்குப் போய்வந்த நாளிலிருந்து ஒரு பேச்சு இல்லை.

போன வாரம் மழையால் கேட் தாமதமாகத் திறந்தது. கங்காணி நாற்பது பேரையும் ஒரே நடையில் ஏறச் சொன்னார். இருபத்தைந்து பேருக்கு மேல் முடியாது, மற்றவர்கள் இரண்டாம் நடைக்கு வரட்டும் என்று சொன்னேன்.

"காத்தைப் புடுங்கி ஆளைக் கொன்னவன், நீ எங்களுக்குப் பாடம் சொல்றியாடா?" என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குட்டியின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தார். வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். "நான் ரெண்டாவது நடைக்கு வர்றேன்" என்றார். அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பதினான்கு பேர் இறங்கி மழையில் நின்றார்கள்.

முதல் நடையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அண்ணி மட்டும் டயர் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார், அண்ணே. ஏழு மாதத்தில் முதல் தடவை.

"காத்து பாத்தியா?"

"பாத்துட்டேன் அண்ணி."

"எவ்ளோ?"

"அம்பது."

ஏறி உட்கார்ந்தார். நான் உடனே வண்டியை எடுக்கவில்லை. கண் தெளியும்வரை காத்திருந்தேன்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நான் எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். உங்களிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, நீங்கள் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். நான் ஓட்டும்வரைக்கும், தினமும் காலையில் நாலு பேர் கேட்க அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அண்ணியை ஏற்றுவேன். அவர் கேட்காத நாளிலும் சொல்வேன்.

கூப்பிடு தூரத்தில் இருந்தும் உங்களைக் கூப்பிடாத தம்பி,
சூசை