தோப்புக்கரண குருஜி

திருவண்ணாமலை,
12-8-79

அன்புள்ள ஆதிலட்சுமி,

நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா? நம் பெண் வேதா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நான் சமைக்கிற விடுதியில் மார்த்தா என்றொரு வெள்ளைக்கார அம்மா, யோகா சொல்லித்தரச் சொன்னார். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, தோப்புக்கரணம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நேற்று பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தவர், "குருஜி, அங்கே எல்லாரும் உங்க சிஷ்யர்!" என்று கும்பிட்டார்.

பாத்திரம் தேய்க்கும் கஸ்தூரி, "அது தப்பு பண்ணவங்க போடறதும்மா"னு போட்டு உடைத்துவிட்டாள்.

அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வாங்க, சேர்ந்து கத்துக்கலாம்" என்று நிஜ வகுப்புக்கே கூட்டிப்போய்விட்டார். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேட்டி தோதுப்படவில்லை. என் பழைய அரைக்கால் சட்டையை, இங்கே வரும் பரசுராமனிடம் கொடுத்தனுப்பு. அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது சிரிக்க, நம் வீட்டு ஆள்தான் இங்கே யாருமில்லை.

அடுப்பில் பால் பொங்குகிறது.

இப்படிக்கு,
சக்கரவர்த்தி