டிரில் பேட்டரியில் எரியும் கம்ப விளக்கு

நாள் 41. காலை 6.10. வெளியே மைனஸ் நூற்றெழுபது டிகிரி.
எழுதுவது குழந்தைவேலு, திருச்செங்கோடு. நிலாவின் தென்முனைப் பள்ளத்தில் ஐஸுக்குப் போர் போடும் முகாமின் தலைமைத் துளைப்பாளர். துளைப்பாளர் நான் ஒருவன்தான். இருந்தாலும் தலைமை தலைமைதான். இந்தப் பள்ளத்துக்குள் சூரியன் எட்டிப் பார்த்ததே கிடையாது. மேலே பள்ளத்தின் விளிம்பில் ஒரு கரடு, பாறைக் குன்று; அதன் உச்சியில் சோலார் பலகை, அங்கிருந்து கேபிளில் கரண்ட். துளைத்த ஆழம் அறுபது அடி. ஊரில் நான் போட்ட போரில் வந்த தண்ணீரில் லாரியே மிதந்திருக்கிறது. இங்கே மண் சரியில்லை.

நாள் 41. மதியம் 1.40
கேபிள் செத்தது. காற்றடைத்த கூடாரம் இருண்டது. உடன் இருப்பவர் டாக்டர் ஜெசிந்தா, தூத்துக்குடி, பாறைப் படிப்பு. அவர் கையேட்டைத் தேடி எடுப்பதற்குள் கை டிரில்லின் பேட்டரி எட்டையும் எடுத்து, ஒயரைச் சொருகி, ஹீட்டர், கூடார விளக்கு, வெளியே நிற்கும் கம்ப விளக்கு எல்லாவற்றையும் ஓட விட்டேன். பதினெட்டு வோல்ட்தான், ஆனால் யானை பலம். ஒரே டிரில் பேட்டரியில் ஒரு கல்யாணத்துக்கே சீரியல் லைட் போட்டவன் நான். இரண்டு கல்யாணம் என்றும் சொல்வார்கள்.

நாள் 42. காலை 7.00
எங்கோ அறுந்த கேபிளை ஒட்ட ஜெசிந்தா வண்டியில் போகிறார். கேபிள் செங்குத்துச் சரிவில் இறங்குகிறது. வண்டி சுற்றித்தான் போக வேண்டும். வழியெல்லாம் வண்டியை விழுங்கும் குழிகள்.
"அண்ணாச்சி, கம்பத்து வெளக்க மட்டும் அணைச்சிராதீய. அதப் பாத்துத்தான் திரும்பி வரணும்."
"சூரியன் அணைஞ்சாலும் இது அணையாதுங்க அம்மிணி."

நாள் 42. மாலை 4.25
ஒரு முறிவை ஒட்டிவிட்டார். கரண்ட் வந்தது. காலியான ஆறு பேட்டரியையும் ஒவ்வொன்றாகச் சார்ஜரில் வைத்தேன். சிவப்பு விளக்கு சிமிட்டியது. எதுவும் ஏறவில்லை. பேட்டரி ஓரளவு இறங்கினால் டிரில் தானே நின்றுவிடும். விளக்குக்கும் ஹீட்டருக்கும் அந்த அறிவு கிடையாது, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டன. அப்படி வற்றிய பேட்டரியைச் சார்ஜர் பிணமாகத்தான் பார்க்கிறது. இதை நிலாவில் முதலில் கண்டுபிடித்தவன் நான் என்று பதிவு செய்யவும். கரண்ட் மறுபடி போய்விட்டது. ரேடியோவில் ஜெசிந்தா கூப்பிட்டார்.
"அண்ணாச்சி, மேல இன்னொரு எடத்துலயும் அறுந்திருக்கு. பேட்டரியெல்லாம் ஏறிட்டா? இல்லன்னா இப்பமே திரும்பிருதேன்."
போர் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மிஷின் ஓடும்போது நிலத்துச் சொந்தக்காரரிடம் கெட்ட சேதி சொல்ல மாட்டோம். வெறும் புழுதி பறந்தாலும் ஈரம் தட்டிவிட்டது, இன்னும் பத்தடிதான் என்போம். இல்லாவிட்டால் வேலையை நிறுத்திவிடுவார். அந்த வாய்தான் முந்திக்கொண்டது.
"எட்டும் ஃபுல்லுங்க அம்மிணி. முடிச்சுட்டே வாங்க."
"நெசமாவா? சும்மா அளக்காதீய."
"நான் எப்பங்க அளந்தேன்?"

நாள் 42. மாலை 5.00
உண்மையைச் சொல்ல ரேடியோவில் கூப்பிட்டேன். அவர் கரட்டுக்குப் பின்னால் போய்விட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டேன். இரைச்சல்.

நாள் 43. காலை 9.15
உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. செத்த பேட்டரிகளை அக்குளில் வைத்துச் சூடாக்கினேன். ஒன்றை நல்லதோடு இணைத்து உசுப்பினேன், நல்லதும் பாதியானது. என் விண்வெளி உடையின் பேட்டரியை ரேடியோவுக்குக் கொடுத்தாயிற்று. கம்பத்துக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று. அவ்வளவுதான் மிச்சம்.
"பாறை சரிஞ்சு கேபிள மூடிட்டு. திரும்பிட்டேன். வெளக்கு நல்லாத் தெரியுது அண்ணாச்சி."
இப்போது உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லவில்லை.

நாள் 43. மதியம் 1.05
கம்ப விளக்கு அணைந்தது.
யோசிக்காமல் ஹீட்டரின் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன் என்று எழுதலாம். யோசித்தேன். ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தேன்.
"அண்ணாச்சி! வெளக்கக் காணோம்! முன்னால குழி கெடக்கு, ஒண்ணுந் தெரியல!"
மாட்டினேன்.
"கண்ணாடியத் தொடச்சுட்டு இருந்தனுங்க அம்மிணி. ஒரே தூசி."
"உசுரே போயிட்டு. இனிமே தொடைக்காதீய!"

நேரம் தெரியவில்லை. கடிகாரத்தின் மேல் பனி.
விரல் மடங்கவில்லை. தப்புத் தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளவும். யார் கண்டெடுத்தாலும் சரி: டிரில் பேட்டரியில் விளக்கு எரிப்பவர்கள், அது முழுக்க வற்றுமுன் கழற்றிவிடுங்கள். இது அளப்பு இல்லை.
"கிட்ட வந்துட்டேன். இன்னும் ஒரு மேடுதான். ஹீட்டர் ஓடுதுல்லா? குளிருதா அண்ணாச்சி?"
"வேர்க்குதுங்க அம்மிணி. சட்டையக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."
சிரித்தார். ரேடியோ முழுக்கச் சிரிப்பு.
விளக்கு மஞ்சளாகிவிட்டது. ஆனால் இன்னும் எரிகிறது. நன்றாக எரி