ஓடு மாத்திட்டாங்களா?

அண்ணா,

இன்று காலை ரிச்சர்ட்ஸ் டவுனில், நம் பழைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கூம்புக் கூரை வீட்டின் ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூசியின் நெடி மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது. நீ உயிரோடு இருந்தவரை உன்னை ‘நீங்கள்’ என்றே அழைத்தேன். இனி ‘நீ’ போதும்.

நம் வீட்டுக்கு இரண்டு முக்கோண முகப்புகள். தெருமுனையில் திரும்பும்போதே மரங்களுக்கு மேலே தெரியும். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தாள். தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து அவளை உட்காரவைத்துச் சொன்னாய்: “முகட்டு உத்தரத்த கறையான் தின்னுடுச்சும்மா. உங்க தலைமேலயே விழும். மூணு மாசம் தங்கச்சி வீட்ல இருங்க, ரிப்பேர் பண்ணிடறேன்.”

பயந்துபோய், நீ நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. படித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஜோகுபாளையத்தில் என் இரண்டு அறை வீட்டுக்கு வந்தாள். ஆறாவது வாரம், அவளுடைய ஸ்வெட்டரை எடுக்க அங்கே போனேன். கூரை இல்லை. முகப்புகள் இல்லை. உத்தரம் தரையில் கிடந்தது. இடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் கறையானைப் பற்றிக் கேட்டேன்.

“கறையானா? அசல் தேக்கும்மா இது, ரம்பமே ஏறல. இங்க அபார்ட்மென்ட் வருதுல்ல, சாருக்கு மேல்மாடியாம்.”

நேராக உன் வீட்டுக்கு வந்து கத்தினேன். நீ காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. “கத்தாத. ஹார்ட் பேஷன்ட், சொன்னா தாங்குவாங்களா? அம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அது உன்னாலதான்.”

அம்மாவிடம் எதையும் சொல்லாமல் வீடு திரும்பினேன். என் வாயை அடைக்க உனக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு பதினான்கு மாதங்கள். “ஓடு மாத்திட்டாங்களா?” என்று அம்மா தினமும் கேட்பாள். “நடக்குதும்மா” என்பேன். “வடக்குப் பக்கம்தான் ஒழுகும். அண்ணன்கிட்ட மறக்காம சொல்லு.” “சொல்றேம்மா.” கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். நீ ஒரு தடவைகூட வந்து அந்தக் கேள்விக்கு முன்னால் உட்காரவில்லை.

போன மாதம் உன் அடக்கத்தில், அம்மாவைத் தாங்கிய மகன் என்று உன்னைப் புகழ்ந்தார்கள். ஃபாதர் என்னிடம், “மனசுல எதுவும் வெச்சுக்காதம்மா, மன்னிச்சிடு” என்றார். நான் தலையாட்டவில்லை.

வீட்டை இடித்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். ஆனால் அம்மாவிடம் தினமும் பொய் சொன்னது உன் வாய் இல்லை, என் வாய். என்னை நம்பியபடியே அவள் செத்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு அவளும் இல்லை. திட்டித் தீர்க்க இப்போது நீயும் இல்லை.