கழற்ற முடியாத பூட்ஸ்

ஆகஸ்ட் 1, 2025, வெள்ளி. கடலூர்

பதினெட்டு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வீடு திரும்பிய அத்தா, கதவைத் திறந்த அம்மாவைச் சுட்டுவிட்டார்!

படத்தில்தான். அத்தா பொம்மையை குவைத்திலிருந்து நடத்துவது ஹாமித் அண்ணன். துப்பாக்கியை முதுகில் மாட்டும் பட்டனுக்குப் பதில் பக்கத்துப் பட்டனை அழுத்திவிட்டான். ஆன்லைன் போர் விளையாட்டுக்குள் குடும்பப் படம் எடுத்தால் இப்படித்தான். அம்மாவாக நடித்த என் தோழி காயத்ரி ஹெட்போனில் கத்தினாள்: “இத்தினி வருஷம் கழிச்சி வந்து இதாண்ணா பண்ணுவ?” மூன்றாவது பொம்மை நான். அது பார்ப்பதுதான் கேமரா. சிரித்ததில் அதுவும் ஆடிவிட்டது.

ஆகஸ்ட் 3

வெட்டி ஒட்டி முடித்தேன். ஆறு நிமிடம்! சிதம்பரம் குறும்பட விழாவுக்கு அனுப்பப் பதினேழாம் தேதி கடைசி நாள்.

அத்தா எட்டிப் பார்த்தார். “இன்னும் கேமுதானா?”

“படம் அத்தா.”

“கேமு.”

இது அவர் குவைத்திலிருந்து திரும்பி வந்த கதை. சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 8

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பொம்மை வீட்டுக்குள் நுழைந்ததுதான் தாமதம். “அடியே, செருப்போட உள்ள வர்றான் பாரு! நம்ம வூட்டு மனுஷனாடி இவன்?”

செத்தேன். நூறு தடவை பார்த்தேனே, கண்ணில் படவே இல்லையே! பொம்மைக்குப் பூட்ஸ் காலோடு சேர்த்துச் செய்தது. கழற்றப் பட்டனே கிடையாது. இவன் வீடு திரும்பியவன் இல்லை, வீட்டைச் சோதனை போட வந்தவன். அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 10

“இடுப்புக்கு மேல எடு தஸ்னீம், முடிஞ்சிபோச்சி,” என்றான் ஹாமித். எடுத்தேன். முடியவில்லை. கழற்றியது தெரிய வேண்டுமே – எப்படி?

ஆகஸ்ட் 13

கிடைத்துவிட்டது!! அதே விளையாட்டில் ஒரு மீனவர் ஊர். அங்கே ஒரு வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. எடுக்க முடியாது, நகர்த்த முடியாது. போகட்டும். செருப்பு வீட்டுக்கு வராவிட்டால், வீடு செருப்பிடம் போகும். கதையையே அந்த ஊருக்கு மாற்றுகிறேன். அவர் வாசலுக்கு வந்ததும் கேமரா செருப்பிலேயே நிற்கும். உள்ளே போகும் வெறுங்கால் சத்தம் மட்டும் கேட்கும்.

ஆகஸ்ட் 15

லீவு. மூன்று பேரும் காலையிலேயே எடுத்து முடித்தோம். யாரும் யாரையும் சுடவில்லை.

கால் சத்தம் பாக்கி. என் நடையில் கனமில்லை. பயந்துகொண்டே அத்தாவைக் கேட்டேன்.

“எதுக்கு?”

“ஒருத்தரு பதினெட்டு வருஷம் கழிச்சி வூட்டுக்கு வர்றாரு அத்தா.”

அத்தா தெருவுக்குப் போய், வந்து, வாசலில் செருப்பை விட்டார். மூன்று அடி வைத்தார். நின்றார். அப்புறம்தான் மீதியை நடந்தார்.

“ஏன் அத்தா நின்னீங்க?”

“அன்னிக்கி நின்னேன்.”

அந்த இடத்தில் நான் கத்திரியே வைக்கவில்லை.

ஆகஸ்ட் 20

சிதம்பரத்திலிருந்து போன். தேர்வு! தேர்வு! தேர்வு!

ஆகஸ்ட் 24, ஞாயிறு. சிதம்பரம்

மூன்றாவதாக எங்கள் படம். பின்வரிசையில் யாரோ, “டேய், கேமுடா இது,” என்று சிரித்தார்கள். காயத்ரி என் கையை நசுக்கினாள்.

செருப்பு வந்தது. மூன்று அடி. சத்தம் நின்றது.

அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை.

அத்தா பக்கத்து இருக்கைக்காரர் பக்கம் சாய்ந்தார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது.

“எம் பொண்ணு எடுத்த படங்க. நடக்குறது நாந்தான்.”